வண்டி நிக்குதா, வெறும் பிளாட்பாரமா?

ராஜபாளையம் ஸ்டேஷனில் பிளாட்பாரம் எப்போதும் இருக்கும். ஆனால் பொதிகை வந்து நின்றால்தான் மூட்டையை ஏற்ற முடியும். வண்டி இல்லாத நேரத்தில் இறக்கி வைத்த மூட்டை அங்கேயேதான் கிடக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேராது. லினக்ஸில் 'மவுண்ட்' சமாச்சாரமும் இவ்வளவுதான். டைரக்டரி என்பது பிளாட்பாரம், அதில் மவுண்ட் ஆகும் டிஸ்க்தான் ரயில்.

ஆனால் ரயில் நிற்பது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. அங்கேதான் வம்பு! ஃபைனல் இயர் புராஜெக்ட்டை தினமும் ராத்திரி 'பேக்கப்' டைரக்டரிக்கு காப்பி செய்ய ஸ்கிரிப்ட் எழுதி வைக்கிறோம் என்று வையுங்கள். வெளி டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும் காப்பி கமாண்ட் முணுமுணுக்காமல் வேலையை முடித்துவிடும். ஃபைல் போய் விழுவதோ கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலேயே. அது கெட்டால் ஒரிஜினலும் போச்சு, நகலும் போச்சு. பிறகு வெளி டிஸ்க்கை மவுண்ட் செய்தாலோ, முன்பு விழுந்த ஃபைல்கள் அதன் அடியில் மறைந்துவிடும். எல்.எஸ். போட்டாலும் தெரியாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிக்க 'மவுண்ட்பாயிண்ட்' என்று ஒரு கமாண்டே இருக்கிறது. பக்கத்தில் டைரக்டரி பெயரைக் கொடுத்தால் ஆமா, இல்லை என்று சொல்லிவிடும். ஸ்கிரிப்ட்டில் 'ஹைஃபன் கியூ' சேர்த்துவிட்டால் வாய் திறக்காது. எக்ஸிட் ஸ்டேட்டஸ் 0 என்றால் மவுண்ட் ஆகியிருக்கிறது, வேறு எண் என்றால் இல்லை. அதன் பின்னால் && போட்டு காப்பி கமாண்டை எழுதினால், 0 வந்தால்தான் காப்பி நடக்கும்.

இது எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் ஒரு டிவைஸ் நம்பர் உண்டு. டைரக்டரியின் நம்பரும் அதற்கு மேலுள்ள டைரக்டரியின் நம்பரும் வேறு வேறு என்றால் அங்கே ஒரு மவுண்ட் இருக்கிறது. 'ஸ்டாட்' போட்டு நாமே பார்க்கலாம். ஒரே டிஸ்க்கின் டைரக்டரியை இன்னொரு இடத்திலும் காட்டும் 'பைண்ட் மவுண்ட்' வந்தால் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும், நம்பர் ஒன்றாகவே இருக்கும். அதற்கு கெர்னலின் மவுண்ட் பட்டியலைப் பார்ப்பதே நிச்சயம். இப்போதைய மவுண்ட்பாயிண்ட் அதைத்தான் படிக்கிறது.

2011ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. வீட்டில் அண்ணன், அக்காவின் பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் அதிலேயே போட்டுப் பாருங்களேன்.

இன்னொரு வித்தை: டிஸ்க் கழற்றியிருக்கும்போது, காலி டைரக்டரிக்கு ரூட்டாக இருந்து 'சிஎச்-ஆட்டர்' கமாண்டில் 'பிளஸ் ஐ' கொடுத்துவிடுங்கள். ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் இது வேலை செய்யும். அதன்பின் ரூட்டே வந்தாலும் வெறும் பிளாட்பாரத்தில் மூட்டை வைக்க முடியாது. டிஸ்க் மவுண்ட் ஆனதும் வழக்கம்போல எழுதலாம்.