ரிடையரானவர் ஆசைப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்

‘ஆனை அசைந்து தின்னும்; வீடு அசையாமல் தின்னும்’ என்பார்கள். பழைய கார் இருக்கிறதே, அது ஓடினாலும் தின்னும், நின்றாலும் தின்னும்! அது தெரிந்தும், இங்கிலாந்தில் ரிடையரானவர்கள் பலர், கைக்கு வரும் தொகையில் ஒரு பகுதியைப் போட்டு, இளவயதில் ஏக்கத்தோடு பார்த்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் ஷெட்டில் உறங்கிய வண்டியை எழுப்பி ஓடவைப்பதில் அவர்களுக்கு அலாதி ஆனந்தம். வீட்டு அம்மாளுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். பணம் என்னாகும், இந்த வயதில் வண்டிக்கடியில் படுத்து உடம்புக்கு ஏதாவது வந்தால்?

“அதெல்லாம் வேண்டாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் ஆபீஸே கதி என்று இருந்தவர் திடீரென்று சும்மா உட்கார்ந்தால் வீடு என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியாதா? காலையில் எழுந்தால் செய்ய ஒரு வேலை, பேச நாலு சிநேகிதர்கள் என்று இருந்தால் மனசுக்கும் நல்லதுதானே? தடுப்பதைவிட, விவரம் தெரிந்துகொண்டு கூட நிற்பது மேல்.

நமக்கும் சொந்தக்கார வண்டி

உதாரணத்துக்கு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை தயாரான, இரண்டே பேர் உட்காரும் திறந்த கார். மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இதை வடிவமைத்தவர் இத்தாலியரான மிகலோட்டி. ட்ரையம்ப் ஹெரால்டும் அவர் கைவண்ணம்தான். ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். அதே ஹெரால்டுதான் 1961லிருந்து சென்னையில் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்ற பெயரில் தயாரானது. நம் டாக்டர் மாமாக்களும் வக்கீல் சித்தப்பாக்களும் ஓட்டிய வண்டி!

இரண்டிலும் பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுக்க வெளியே தெரியும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். முதுகு வலிக்காரருக்கு இது பெரிய சௌகரியம்.

வாங்கும் முன்

பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. புடவைக் கடையில் மடிப்பைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவோமா? பெயிண்டுக்கு அடியில் துரு இருக்கும். ஸ்பிட்ஃபயரில் கதவுக்குக் கீழே ஓடும் ‘ஸில்’ என்ற தகடு வண்டிக்கே பலம் தருவது. அது அரித்துப்போயிருந்தால் செலவு பிடுங்கும். எஞ்சினைச் சரிசெய்வது சுலபம், துருவை வெட்டி ஒட்டுவதுதான் கஷ்டம் என்பது அனுபவஸ்தர்கள் வாக்கு.

‘ஒரிஜினல்’ என்று விற்பவர் சொன்னால் போதாது. சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிடேஜ் ட்ரஸ்ட், பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, அந்த வண்டி எந்த நிறத்தில் எப்போது தயாரானது என்று சான்றிதழ் தருகிறது. 1977ல் தொடங்கிய ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் ஸிக்ஸ் கிளப் போன்ற சங்கத்தில் சேர்ந்தால், கூட வந்து பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கும்.

முதலில் பிரேக், பிறகு எஞ்சின்

பல வருஷம் நின்ற வண்டியில் சாவியைப் போட்டுத் திருகினால் உள்ளே உரசிக் கெட்டுவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோல் பிசின் போல ஆகியிருக்கும். அதை வடித்துவிட வேண்டும். எஞ்சின் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் உள்பாகங்கள் துருப்பிடித்து இறுகிவிடும். ஆகவே ரப்பர் குழாய்கள் உள்பட பிரேக் முழுவதையும் சரிபார்த்த பிறகே வண்டி வாசலைத் தாண்டலாம். டயரில் கோடுகள் நன்றாக இருந்தாலும் வயசானால் ரப்பர் வெடிக்கும். 2000க்குப் பிறகு வந்த டயரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்.

இன்னொன்று: இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். இது பழைய ரப்பர் குழாயை அரித்துக் கசியவைக்கும். அதைத் தாங்கும் புதுக் குழாய் போட்டுவிடுவது நல்லது.

அங்கே 40 வருஷம் தாண்டிய காருக்குச் சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து வருடாந்தரப் பரிசோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும், “ஒரு தடவை பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்” என்று நாம் வற்புறுத்தவேண்டும். உயிர் நம்முடையதல்லவா?

வீட்டுக்குள் வரக் கூடாதவை

இது முழுக்க நம் இலாகா!

பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்சிலும் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்கு எமன். வாயால் ஊதவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது. இந்தப் பாகங்களைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே க்ஷேமம். வேலைத் துணியை உதறாமல், வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.

ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் தித்திக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய் பூனையும் நக்கிவிடும் அபாயம் உண்டு. கூல்டிரிங் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் போகக் கூடாது. உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே போகலாம். “நான் கீழே போகிறேன், நீ இங்கேயே இரு” என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் இருக்கட்டும்.

பேரன் பேத்தி அடம்பிடித்தாலும், பெல்ட் இல்லாத பழைய காரில் 3 வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்ற அந்நாட்டுச் சட்டம் இடம் தராது. பெரிய பிள்ளைகளும் பின் ஸீட்டில்தான் உட்காரலாம். ஸ்பிட்ஃபயரில் பின் ஸீட்டே கிடையாதே!

நம் ஊரில் ஆசை வந்தால்

இந்தியாவில் 2021ல் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் மாறாத வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் என்றும், அது 10 வருஷம் செல்லும் என்றும் அந்த விதி சொல்கிறது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாம். அன்றாடம் மார்க்கெட்டுக்குப் போக முடியாது.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு கண்டிப்பு வேண்டும். வைத்தியத்துக்கும் குடும்பச் செலவுக்கும் உள்ளதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தில் வாங்கும் விலை வேறு, ரிப்பேர் தொகை வேறு. வாங்கவே எல்லாம் கரைந்துவிடும் என்றால் அந்த வண்டி நமக்கு வேண்டாம். ஒரு நோட்டுப் போட்டு, ஆணி வாங்கினாலும் எழுதுங்கள். கணக்கு உங்கள் கையிலும் ஸ்பேனர் அவர் கையிலும் இருந்தால் சண்டைக்கே இடமில்லை. வண்டி தயாரானதும், முதல் சவாரிக்கு முன் ஸீட்டில் உட்காரும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்!