உங்களுக்குத் தெரியுமா? நீரைத் தாமே பங்கிடும் ஜத்திலுவி உழவர்கள்

இந்தோனேசியாவின் பாலித் தீவில், பத்துக்காரு மலைச்சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அமைந்த ஜத்திலுவி, படிக்கட்டு நெல்வயல்களால் பெயர்பெற்ற சிற்றூர் ஆகும். இங்குப் பாசன நீரைப் பங்கிடுவது ‘சுபாக்’ எனப்படும் உழவர் கூட்டமைப்பு. ஒரே நீர்மூலத்தை நம்பியிருக்கும் வயல்களின் உழவர்கள் அதில் உறுப்பினராகி, ‘பெக்காசே’ என்னும் தலைவரின்கீழ், வாய்க்கால் பராமரிப்பையும் நீர்க்கோயில் சடங்குகளையும் சேர்ந்தே நடத்துகின்றனர். வாய்க்காலின் குறுக்கே பதிக்கப்படும் ‘தெம்புகு’ என்னும் பகிர்வுக் கட்டையில் அவரவர் பங்குக்கேற்ற அகலத்தில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருப்பதால், யாருக்கு எவ்வளவு நீர் என்பதைக் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்; பூசலைத் தவிர்க்க இதைவிட எளிய ஏற்பாடு அரிது.

சுபாக் முறையின் நுட்பம் நீரோடு முடிவதில்லை. அண்டை சுபாக்குகள் கலந்துபேசி ஒரே காலத்தில் நட்டு, அறுவடைக்குப்பின் ஒரே காலத்தில் வயலை வெறுமையாக விடுவதால், எலிகளும் பூச்சிகளும் இரையின்றிக் குறைகின்றன. 1970களில் பசுமைப் புரட்சித் திட்டம் இவ்வொழுங்கைப் பொருட்படுத்தாமல் இடைவிடாத சாகுபடியை வலியுறுத்தியபோது, பாலியில் பூச்சித் தாக்குதலும் நீர்த் தட்டுப்பாடும் மிகுந்தன. பழைய முறையே பொருத்தமானது என்பதை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் பின்னர்க் கணினி மாதிரியின் துணையோடு விளக்கினார். 2012இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பாலியின் சுபாக் நிலப்பரப்பில் ஜத்திலுவியும் அடங்கும்.

இவ்வூரின் சிறப்புப் பயிரான நாட்டுச் சிவப்பு நெல், விளைய ஐந்து மாதத்துக்குமேல் எடுத்துக்கொள்வது. உயர்ந்து வளரும் அதன் கதிர்களை, உள்ளங்கையில் அடங்கும் ‘அனி-அனி’ என்னும் சிறு கத்தியால் கொய்து கட்டுகளாக்குவது மரபு.