பணத்தைத் தோற்கடிக்கும் விதிகள்

கார் பந்தயத்தில் கடைசி அரை நொடிக்குத்தான் விலை அதிகம். சாதாரணக் காரில் வேண்டாத எடையைக் கழற்றி, நல்ல டயர் மாட்டினாலே சுற்றுக்குச் சில நொடிகள் குறைந்துவிடும். அதற்குப் பிறகு குறைக்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் செலவு ஏறிக்கொண்டே போகும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் வசதியுள்ள ஓரிருவர் மட்டுமே முன்னால் ஓடுவார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக விலக, கடைசியில் பந்தயமே நின்றுபோகும்.

எளியவர்களும் ஓட்டக்கூடிய பந்தயப் பிரிவைத் தொடங்க நினைப்பவர்கள் காருக்கு முன்னால் விதியைத்தான் வடிவமைக்க வேண்டும். ‘இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது’ என்று எழுதினால் மட்டும் போதாது. பில்லை யார் சரிபார்ப்பது? கூடுதலாகச் செலவழித்தாலும் பலன் கிடைக்காது என்ற நிலையை உண்டாக்குவதே நல்ல விதி.

இதற்குச் சிறந்த உதாரணம் ஃபார்முலா ஃபோர்டு. 1967 ஜூலையில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் இதன் முதல் பந்தயம் நடந்தது. அப்போது எல்லோருக்கும் ஃபோர்டு கார்டினா ஜிடி காரின் 1,500 சிசி எஞ்சின், சாலையில் ஓடும் கார்களுக்கான டயர். காரின் விலைக்கு உச்சவரம்பு 1,000 பவுண்டு. காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளுக்கு இதில் இடமில்லை. இறக்கை வைத்த கார் முன்னால் போகும் காரின் கலங்கிய காற்றுக்குள் நுழைந்ததும் பிடிமானத்தை இழக்கும். இறக்கை இல்லாத காருக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருபவருக்கு எதிர்விசை குறைந்து வேகம் கூடும். அதனால்தான் ஃபார்முலா ஃபோர்டு பந்தயங்களில் கார்கள் ஒன்றையொன்று ஒட்டியே ஓடும். ஃபார்முலா ஒன் வீரர் அயர்டன் சென்னா கோ-கார்ட்டிலிருந்து காருக்கு மாறியபோது, 1981இல், முதலில் ஓட்டியது இந்தப் பிரிவில்தான்.

எல்லோரும் ஒரே எஞ்சினை வாங்க முடியாத இடத்தில் இயற்பியல் உதவிக்கு வருகிறது. எஞ்சினின் சக்தி அது இழுக்கும் காற்றைப் பொறுத்தது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று போகும் வழியில் ‘ரெஸ்டிரிக்டர்’ எனப்படும் குறுகிய கழுத்தைப் பொருத்தினால், அந்தக் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியதும் ஓட்டம் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதல் காற்று உள்ளே வராது.

பொறியியல் மாணவர்கள் தாங்களே கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளில் பெட்ரோல் எஞ்சினுக்கு இந்தக் கழுத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் அதன் வழியே நொடிக்குச் சுமார் 75 கிராம் காற்றுதான் செல்லும். அதில் எரியக்கூடிய பெட்ரோல் 5 கிராம். அதன் வெப்பத்தில் 30 சதவீதம் உழைப்பாக மாறினால் ஏறக்குறைய 90 குதிரைத்திறன். விலை உயர்ந்த கேம்ஷாஃப்ட், பிஸ்டன் எதைப் போட்டாலும் இந்த எல்லையை வெகுதூரம் தாண்ட முடியாது.

அடுத்தது எடை. 500 கிலோ காரில் 60 கிலோ ஓட்டுநரும் 85 கிலோ ஓட்டுநரும் உட்கார்ந்தால், அதே எஞ்சினுக்குக் கனமானவரின் முடுக்கம் 4 சதவீதத்துக்கு மேல் குறையும். எனவே காரையும் ஓட்டுநரையும் சேர்த்து நிறுத்துத்தான் குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்க வேண்டும். எடை குறைந்தவர் காரில் ஈயக்கட்டியை ஏற்றிக்கொள்வார். டயரையும் கவனிக்க வேண்டும். மென்மையான ரப்பர் வேகம் தரும், ஆனால் சீக்கிரம் தேயும். எல்லோருக்கும் ஒரே வகை டயர், ஒரு பந்தயத்துக்கு இத்தனைதான் என்று வரையறுத்துவிட்டால் ஆண்டுச் செலவு கணிசமாகக் குறையும்.

இவற்றையெல்லாம் அளந்து பார்க்க ஆட்களோ கருவிகளோ இல்லாத ஊரில் என்ன செய்வது? ஸ்காண்டிநேவிய நாடுகளின் ‘ஃபோக்ரேஸ்’ பந்தயம் இதற்கு அருமையான வழி கண்டது. பந்தயம் முடிந்ததும், விதியில் குறித்த சொற்ப விலைக்கு எந்தக் காரையும் மற்றவர்கள் வாங்கக் கேட்கலாம். பலர் கேட்டால் குலுக்கல். விற்க மறுத்தால் ஓட்டும் உரிமம் பறிபோகும். பல மடங்கு செலவழித்துக் கட்டிய காரை அந்தச் சொற்ப விலைக்கு இழக்க யாருக்கு மனம் வரும்? அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ பந்தயத்தில் காரின் மதிப்பு 500 டாலருக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் தண்டனைச் சுற்றுகள் சுமத்தப்படும். ஆனால் ஓட்டுநரைக் காக்கும் ‘ரோல் கேஜ்’ என்ற உலோகக் கூண்டு, இருக்கை, பிரேக் போன்றவை அந்தக் கணக்கில் வராது. உயிர்காக்கும் பொருளில் யாரும் சிக்கனம் பிடித்துவிடக் கூடாது என்ற இந்த விவேகம் எல்லா விதிப்புத்தகங்களிலும் இருக்க வேண்டும்.

மலிவான பிரிவின் பலனைத் தமிழ்நாடு நேரிலேயே கண்டிருக்கிறது. கோவைத் தொழிலதிபர் எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டக்கூடிய எஞ்சின் அது. உதிரிபாகம் கடைவீதியிலேயே கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் அந்தக் காரில் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். 1995இல் மறைந்த கரிவரதனின் பெயரைக் கோவையின் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ தாங்கி நிற்கிறது.

வேகத்தில் ஆசை கொண்ட இளைஞர்கள் இன்று நம் சாலைகளில் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை அறிவுரை மட்டுமல்ல. கட்டுப்படியாகும் காரும், பாதுகாப்பான தடமும், நேர்மையான விதியும்தான். மோட்டார் கிளப்புகளும் பொறியியல் கல்லூரிகளும் கைகோத்தால் இந்த மூன்றையும் கொடுக்க முடியும். புதிய பிரிவுக்கு விதி எழுத உட்காருகிறவர்கள் ஒவ்வொரு வரியையும் ஒரே கேள்வியால் சோதிக்கட்டும்: இன்னொரு லட்ச ரூபாய் செலவழிப்பவருக்கு இதில் எங்கே லாபம் கிடைக்கும்? அந்த வழியை அடைத்துவிட்டால் வெற்றியைத் தீர்மானிப்பது ஓட்டுநரின் திறமையாகவே இருக்கும்.