புரொஜெக்டர் போர்டு ஏன் ஆன் ஆகவில்லை?

டிஎல்பி வகை டெவலப்மென்ட் போர்டு எழவில்லை என்றால், சிப் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

ஏன் எழவில்லை? 1987-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய இந்தச் சிப்பில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் உண்டு. மின்னழுத்தங்கள் வரிசை தவறி வந்தால் அவை பழுதாகும். அதனால் பவர் சிப் அந்த மின்னழுத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகவே எழுப்பும். கோளாறு தெரிந்தால் அணைத்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் அடாப்டர். எல்இடி எரியும்போது மின்னோட்டம் சட்டென ஏறும். 5 வோல்ட் போர்டு என்றால், மின்னழுத்தம் சரியாக இருந்தாலும் 1 ஆம்பியர் போன் சார்ஜர் அதைத் தாங்காது. அழுத்தம் சரிந்து போர்டு அணையும். மல்டிமீட்டரைப் போர்டின் உள்ளீட்டில் வைத்து, ஆன் செய்யும் தருணத்தில் கவனியுங்கள்.

5 வோல்ட் சரியாமல் நின்றால், அடுத்தது 'புரொஜெக்டர் ஆன்' சிக்னல். சுவிட்ச் அல்லது ஜம்பர் அதை உயர்நிலைக்குக் கொண்டுபோகாவிட்டால் மின்சாரம் வந்தும் போர்டு சும்மாவே கிடக்கும். அதுவும் சரியென்றால், ரிப்பன் கேபிள் முழுதாகப் பொருந்தியிருக்கிறதா, ஃபிளாஷ் மெமரியில் ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிளைத் தொடுமுன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். சிப்பைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.