குருதி மலைப்பாம்பு

நம் நாட்டார் வெங்கணாந்தி என்றழைக்கும் பாம்புக்கு மலாயாவிலும் சுமாத்திராவிலும் ஓர் உறவினம் உண்டு. உடல் செந்நிறமாதலின் அதனைக் குருதி மலைப்பாம்பு என்பர். நீளம் ஐந்தாறு அடியே. பருமனோ அந்நீளத்துக்குச் சற்றும் ஒவ்வாதது. நஞ்சில்லை. சதுப்பு நிலங்களிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் எலி தின்று வாழ்வது. தோலுக்காகப் பெருந்தொகையாய்க் கொல்லப்படுவது.

மேனாட்டார் சிலர் இதனை வீட்டில் வளர்க்கின்றனர். கடுஞ்சினமுடையது என்னும் பழி இதற்கு நெடுங்காலம் இருந்துவந்தது. காட்டிற் பிடித்துச் சாக்கிலிட்டு அனுப்பிய உயிர், உடலில் உண்ணியும் நாவில் தாகமுமாய் அந்நிய நாட்டுக் கண்ணாடிப் பெட்டியிற் கிடந்தால், கடியாமல் வேறென்ன செய்யும்? வளர்ப்போரிடத்தே பொரித்த குட்டிகளோ, பொறுமையுடன் கையாளின் பெரும்பாலும் சாதுவாகவே வளர்கின்றன.

பாம்பென்றாற் கடுஞ்சூடு வேண்டுமென்று எண்ணுவோர் பலர். சதுப்பிற் பிறந்த இதற்கு வேண்டியவை ஈரமும் நிழலும், ஒளிந்துகிடக்க ஓரிடமும். வெப்பம் 26 முதல் 28 பாகை செல்சியஸ் வரை போதும். காற்று வறண்டால் சட்டை துண்டு துண்டாய்க் கழலும். சுவாசப்பை நோயும் வரலாம். இரையை அடிக்கடி கொடுத்தாற் கொழுத்துக் கெடும். உண்டபின் மலங்கழிக்க வாரக்கணக்காகும்; அதற்கு அஞ்சவேண்டியதில்லை. நன்கு பேணினால் இருபது ஆண்டுகள் வாழவல்ல உயிர் இது. கையளவு குட்டியை ஆசையோடு வாங்குபவர் அந்தக் கணக்கைப் பார்ப்பது அரிது.