கொலுசில் எவ்வளவு வெள்ளி?

சேலம் கொலுசு ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். வளையம், முத்து, கொக்கி என்று எத்தனை இணைப்புகள்! ஒவ்வொன்றையும் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்திருப்பார்கள். நகை உருகும் முன் பொடி உருகியாக வேண்டும் என்பதால் அதில் செம்பு, துத்தநாகம் போன்றவை சேரும். இணைப்புகள் கூடக் கூட மொத்தத் தரம் கொஞ்சம் இறங்கும். சுத்த வெள்ளி மெத்தென்று வளைவதால் நகைக்கே செம்பு கலக்கத்தான் வேண்டும். கலப்பது குற்றமில்லை. எவ்வளவு கலந்தது என்பதை மறைப்பதுதான் குற்றம்.

பளபளப்பை நம்பிப் பயனில்லை. நகையைச் சூடாக்கி அமிலத்தில் போட்டு எடுத்தால் மேற்பரப்பில் உள்ள செம்பு கரைந்து, வெள்ளி மட்டும் மினுங்கும். எக்ஸ் கதிர்க் கருவியும் மேற்பரப்பைத்தான் படிக்கும். அதனால் நகையின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் ஹால்மார்க் மையத்தில் துளி உலோகத்தை வெட்டியோ சுரண்டியோ எடுத்து, நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். அதில் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளி வெண்ணிறமாகத் திரிந்து படியும். செம்பு நீலமாகக் கரைசலிலேயே நின்றுவிடும். செலவான உப்பின் கணக்கே வெள்ளியின் கணக்கு. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் வெளியிட்ட அருமையான முறை இது. இன்று மின்முனைகளைக் கொண்டு முடிவைக் குறிக்கிறார்கள், அடிப்படை மாறவில்லை.

தங்கத்துக்கு ஹால்மார்க் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. வெள்ளிக்கு 2005 முதல் இருந்தும், கடைக்காரரின் விருப்பத்துக்கே விடப்பட்டது. 2025 செப்டம்பரில் வெள்ளிக்கும் எச்யூஐடி என்ற, நகைக்கு நகை மாறும் தனி அடையாள எண் வந்தபோதுகூட அதைக் கட்டாயமாக்கவில்லை. ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் சேமிப்பது வெள்ளியில்தான் என்பதால் இந்தத் தாமதம் எனக்கு நியாயமாகப் படவில்லை.

கொக்கியருகே லென்ஸ் வைத்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முக்கோணக் குறி, தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி ஆகியவை இருக்க வேண்டும். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. வெறும் 925 மட்டும் குத்தியிருந்தால் அது செய்தவரின் வாக்குறுதி மட்டுமே, ஹால்மார்க் ஆகாது.

கடையிலேயே ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த ஆறு இலக்கத்தைத் தட்டிச் சரிபாருங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். குறித்த தரத்தைவிட நகை குறைந்திருப்பது நிரூபணமானால், குறைந்த மதிப்பைப் போல இரு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் உங்களுக்கு வந்து சேர வேண்டும் என்பது விதி.