குழந்தையின் பேச்சே முதற் கட்டுரை

தமிழ்க் குழந்தை எழுத்துகளைக் கற்றபின், காதில் விழும் சொல்லைப் பிழையோடேனும் எழுதிவிடும். சீனக் குழந்தைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எழுத்துருவைத் தனித்தனியே கற்றாக வேண்டும். முதலிரு வகுப்புகளில் ஏறத்தாழ 1600 எழுத்துருக்களை அறியவும், அவற்றுள் 800 எழுதவும் வேண்டும் என்றது சீன நாட்டின் 2011ஆம் ஆண்டுப் பாடத்திட்டம். குழந்தையின் நாவில் உலவும் சொற்களோ மிகப் பல. நெஞ்சு நிறைந்திருக்கும், கை தயங்கி நிற்கும். அக்குழந்தைக்குக் கட்டுரை கற்பிப்பது எவ்வாறு?

அவ்விரு வகுப்புகளில் 'கட்டுரை' என்ற பெயரையே அப்பாடத்திட்டம் வழங்கவில்லை. 'பேச்சை எழுதுதல்' என்றே அழைத்தது. ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டுவார். படத்தில் இருப்பவர் யார்? எங்கே? என்ன செய்கிறார்? குழந்தை முதலில் வாயால் விடை கூறும். பின் அதனையே கட்டமிட்ட தாளில், கட்டத்திற்கு ஓர் எழுத்தாக எழுதும். தெரியாத எழுத்துரு வந்தால் பேனாவைக் கீழே வைக்க வேண்டுவதில்லை. 1958இல் ஏற்கப்பெற்ற 'பின்யின்' என்னும் உரோமன் எழுத்து முறையில் அச்சொல்லின் ஒலியை எழுதி மேலே செல்லலாம். எண்ணம் முந்தட்டும், எழுத்துரு பின்னர் வரட்டும்!

இதற்கு மாறாக, மாதிரிக் கட்டுரை நூல்களை மனப்பாடம் செய்விக்கும் பெற்றோரும் அங்கு உண்டு. மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால், காணாததைக் கண்டதாக எழுதிப் பழகிய குழந்தை, தன் கண்களையே நம்ப மறந்துவிடுமன்றோ?

எழுத்தாளரும் கல்வியாளருமான யே ஷெங்தாவ் (1894–1988) வேறு வழி காட்டினார். போர்க்காலத்தில் சிச்சுவானில் வாழ்ந்தபோது, இரவு உணவு முடிந்ததும் விளக்கை மேசை நடுவே வைத்து, வளர்ந்த தம் மக்கள் மூவரின் கட்டுரைகளையும் அவர்கள் முன்னிலையிலேயே திருத்துவார். வெறுமனே அடித்துவிடுவதில்லை, சொல்ல வந்தது யாதெனக் கேட்பார், தகுந்த சொல்லை அவர்களுடன் சேர்ந்தே தேடுவார். அக்கட்டுரைகள் 1943இல் நூலாயின.

வளர்ந்தோர்க்குப் பொருந்திய அம்முறை, சிறுவர்க்கு இன்னும் பொருந்தும். அதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. ஒரு மேசையும், சற்று நேரமும், கேட்கும் செவியும் போதும். சிவப்பு மையைத் தொடுமுன், "நீ என்ன கண்டாய்?" என்று நாம் கேட்போமாக.